பூட்டிய கிடங்குக்கு எட்டுவழிச் சாலை

“தக்க வேண்டுகோளின் பேரில் தரவு வழங்கப்படும்.”

ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் இந்த வரி இருக்கும். படிக்கக் கௌரவமான வரி. எழுதியவருக்குக் கௌரவம், அச்சிட்ட இதழுக்குக் கௌரவம், நிதி கொடுத்த அரசுக்குக் கௌரவம். யாரும் கேட்காதவரை எல்லாருக்கும் கௌரவம்.

குரோஷியாவில் சிலர் கேட்டுத் தொலைத்தார்கள். ‘தரத் தயார்’ என்று எழுதியிருந்த 1,792 மருத்துவக் கட்டுரைகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றின் ஆசிரியருக்கும் கடிதம் போட்டார்கள். சரி, கொடுங்கள். 122 பேர் கொடுத்தார்கள். நூற்றுக்கு ஏழு பேர்கூடத் தேறவில்லை. மீதி 1,670 பேரில் பெரும்பாலோர் பதிலே போடவில்லை, சிலர் மறுத்தார்கள். 2022-ல் இந்தக் கணக்கை அவர்கள் வெளியிட்டார்கள். அந்த வரி இன்றும் கட்டுரைகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. 1,670 பேருக்கும் வேண்டுகோள் தக்கதாகப் படவில்லை போலும்.

யார் வீட்டுச் சொத்து இது? தொலைநோக்கி வாங்கியது வரிப்பணம். மழைமானி நட்டது வரிப்பணம். ஆய்வாளருக்குச் சம்பளம், மாணவருக்கு உதவித்தொகை, சர்வர் அறைக்கு ஏசி, ஏசி ரிப்பேருக்கு டெண்டர், எல்லாம் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற ஜனங்களின் பணத்தில் சேர்ந்த எண்கள் இவை. சேர்ந்த பிறகு மட்டும் அவை யாருடையதோ ஆகிவிடுகின்றன.

2012 மார்ச்சில் மத்திய அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை. பொதுப்பணத்தில் உருவான, ரகசியம் இல்லாத தரவுகள் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றது. போர்ட்டல் திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். கொள்கையில் குறையே சொல்ல முடியாது. நம் நாட்டில் கொள்கையில் என்றைக்குமே குறை இருந்ததில்லை.

ஏன் தரவில்லை என்று கேட்டால் முதலில் வருகிற பதில்: “ரொம்பப் பெரிய டேட்டா சார். உங்களால் தாங்க முடியாது.”

எவ்வளவு பெரிது? ஜெனீவாவில் செர்ன் என்று ஓர் இடம் இருக்கிறது. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டு, தெறிப்பதை எண்ணுகிறவர்கள். 2023 செப்டம்பரில் அவர்களுடைய டிஸ்க் சேமிப்பு 1 எக்ஸாபைட்டைத் தாண்டியது. பத்து லட்சம் டெராபைட். நம் ஆபீஸ்களில் ‘ரொம்பப் பெரிது’ என்று சொல்லப்படுகிற சமாச்சாரம் பல சமயம் ஒரு சட்டைப் பையில் அடங்கிவிடும்.

அத்தனையையும் ஒரே ஊரில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று செர்ன்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே புரிந்துவிட்டது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி பட்ஜெட், தனி டிஸ்க். பட்டியல் மட்டும் பொது. அங்கே நடக்கும் பெரிய சோதனைகள் சிலவற்றுக்காக ரூசியோ என்றொரு மென்பொருள், எந்தக் கோப்பு எந்த ஊரில் எத்தனை பிரதி இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறது. ‘இந்தத் தொகுப்புக்கு இரண்டு பிரதி வேண்டும், இரண்டும் வெவ்வேறு நாட்டில்’ என்று விதி எழுதிவிட்டால் போதும். அதுவே ஆளனுப்பாமல் நகலெடுக்கும். நகல் சரியா என்று எண் போட்டுச் சரிபார்க்கும். ஒன்று கெட்டால் இன்னொன்றிலிருந்து மீட்டு வைக்கும். கேட்கிறவருக்குக் கோப்பு பாரிசில் இருக்கிறதா, தைபேயில் இருக்கிறதா என்ற கவலையே வேண்டாம். பெயரைச் சொன்னால் வரும்.

இதில் யாரும் தன் டிஸ்க்கை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவரவர் சொத்து அவரவரிடம். கதவுக்கு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரிப் பூட்டு போட்டு, உரியவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரிச் சாவி கொடுத்திருக்கிறார்கள். கூட்டுச் சேமிப்பு என்கிற இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் மொத்தமும் இவ்வளவுதான்.

இனிமேல்தான் வயிறு எரிகிறது. அந்த 170-ல் இரண்டு நம்முடையவை. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று. கொல்கத்தாவில் விஇசிசி என்ற சைக்ளோட்ரான் மையம் இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு ஜெர்மனியில் ஒரு மாணவி கோப்பு கேட்டாலும் கொல்கத்தா கொடுக்கிறது. அவளிடம் லெட்டர்பேடு கேட்பதில்லை. அவளுடைய துறைத் தலைவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டாரா என்று பார்ப்பதில்லை. முறையான டிஜிட்டல் சான்று இருக்கிறதா? வாங்கிக்கொள். அவ்வளவுதான்.

ஆக, தெரியாமல் இல்லை. செய்ய ஆளில்லாமலும் இல்லை. பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறோம், ஜெனீவாவுக்காக.

செர்னும் தரவு கிடைத்த உடனே வாரி இறைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2020-ல்தான் அதன் நான்கு பெரிய சோதனைக் குழுக்களும் சேர்ந்து ஒரு பொதுக் கொள்கைக்கு வந்தன: தரவு எடுத்துச் சுமார் ஐந்து ஆண்டு கழித்து வெளியே விடத் தொடங்குவது. அதுவரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சுயநலம்தான். ஆனால் தேதி போட்ட சுயநலம். நம்மூர் சுயநலத்துக்குத் தேதி கிடையாது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதிலில் அது ஓய்வு பெறும் வரை வாழும்.

அடுத்த சாக்கு: “நெட் ஸ்பீடு பத்தாது சார்.”

பத்தாதா? 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது. ஐஐடிகள், பல்கலைக்கழகங்கள், மருத்துவ ஆய்வு மையங்கள், வேளாண் ஆய்வுக்கூடங்கள் என்று சுமார் 1,500 நிறுவனங்களை ஜிகாபிட் வேகத்தில் இணைக்கும் திட்டம். மதிப்பு 5,990 கோடி ரூபாய். கேபிள் பூமிக்குள் கிடக்கிறது. விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது. ஏறக்குறைய ஆறாயிரம் கோடியில், பூட்டிய கிடங்குகளுக்கு நடுவே எட்டுவழிச் சாலை போட்டிருக்கிறோம். சாலையில் போவது யார்? ஆபீஸ் இமெயில், வீடியோ கான்ஃபரன்ஸ், ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ.

தரவு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். ஓர் ஆய்வு மாணவியை வைத்துக்கொள்வோம். முப்பது வருடத்து மழைக் கணக்கோ, மண் கணக்கோ, ஏதோ ஒன்று அவளுக்கு வேண்டும். போர்ட்டலில் பதிவு செய்கிறாள். ‘உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று செய்தி வருகிறது. தரவு வரப்போகிறது என்று அர்த்தமில்லை; அவள் கேட்டது தெரியும் என்று அர்த்தம். பிறகு படிவம். ஆய்வின் நோக்கம், ஐம்பது சொற்களுக்கு மிகாமல். வழிகாட்டியின் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, பதிவாளர் கையெழுத்து, போனஃபைடு சான்றிதழ். மூன்றாம் நபரிடம் காட்டமாட்டேன் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி. கூடவே ஒரு புதிய ஹார்ட் டிஸ்க், கவர் பிரிக்காதது. பழசில் வைரஸ் இருக்குமாம். எல்லாவற்றையும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறாள். அதிகாரி மாற்றலாகிப் போகிறார். புது அதிகாரி ஃபைலை முதலிலிருந்து படிக்கிறார். ‘ஐம்பது சொற்களுக்கு மிகாமல்’ என்ற இடத்தில் ஐம்பத்திரண்டு சொல் இருக்கிறது.

ஒருநாள் ஹார்ட் டிஸ்க் திரும்பி வருகிறது. பரபரப்பாகச் செருகிப் பார்க்கிறாள். உள்ளே ஒரு பிடிஎஃப். கணினியில் இருந்த அட்டவணையை அச்சடித்து, அச்சடித்த தாளில் சீல் குத்தி, சீல் குத்திய தாளை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். சீல் விழுந்த இடத்தில் நான்கு மாத மழை காணாமல் போயிருக்கிறது. ஆகஸ்ட் தலைகீழாக நிற்கிறது. 1 எது, 7 எது என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. அவள் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகத் திரும்பத் தட்டச்சு செய்கிறாள். முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டு முடிந்தது.

ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிச் சுமப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே சமயத்தில் கருந்துளைகளைப் பார்த்தன. சேர்ந்தது சுமார் 5 பெட்டாபைட். அத்தனை டிஸ்க்கையும் விமானத்தில் ஏற்றித்தான் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் கொண்டுபோனார்கள். தென்துருவத்து டிஸ்க்குகள் மட்டும் அந்த ஆண்டு டிசம்பரில்தான் வந்து சேர்ந்தன. அங்கே குளிர்காலம், ஆறு மாத இருட்டு, விமானம் இறங்காது. நியாயமான தாமதம். நம் செக்‌ஷனில் என்ன, மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறதா?

வானிலையைப் பாருங்கள். இந்திய வானிலைத் துறை பறக்கவிடும் பலூன்களின் அளவீடுகள், உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டில், உலகம் முழுக்கப் போகின்றன. இங்கிலாந்தில் தலைமையகம் வைத்திருக்கும் ஐரோப்பிய வானிலை மையம் அவற்றையும், மற்ற நாடுகளின் அளவீடுகளையும், செயற்கைக்கோள் கணக்குகளையும் சேர்த்துப் பிசைந்து, 1940 முதல் மணிவாரியாக உலகம் முழுமைக்கும் ஒரு தொகுப்புச் செய்து வைத்திருக்கிறது. ஈஆர்ஏ5 என்று பெயர். பதிவு செய்தால் இலவசம். இந்திய மாணவர்கள் பலர் தங்கள் ஊர் வானத்தை அங்கிருந்துதான் இறக்கிக்கொள்கிறார்கள். நம் துறையும் கட்டம் கட்டமாகப் பிரித்த மழைத் தரவை இலவசமாகத் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தனித்தனி நிலையத்தின் கணக்கு வேண்டுமென்றால் விண்ணப்பம், உறுதிமொழி என்று பழைய பாட்டு. நம் வானத்தைப் பார்க்கும் குறுக்குவழி ஐரோப்பா வழியாகப் போகிறது.

இதெல்லாம் சோம்பேறித்தனம் என்று சிரித்துவிடலாம். கங்கை விஷயத்தில் சிரிக்க முடியாது.

மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பது தமிழ்நாட்டு நாளிதழில் தினமும் வருகிறது. டீக்கடையில் பேசுகிறார்கள். 120 அடியில் எத்தனை குறைவு, எத்தனை கனஅடி வரத்து, எத்தனை திறப்பு என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்வான். யாரும் அதனால் தேசத்துக்கு ஆபத்து என்று சொல்லவில்லை. ஆனால் கங்கை, பிரம்மபுத்திரா, சிந்துப் படுகைகளில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்ற கணக்கு அரசாங்கக் கோப்பில் ரகசிய வகை. எல்லை தாண்டி ஓடும் ஆறுகளாம். பேச்சுவார்த்தைக்குக் குந்தகமாம். இந்தியாவின் நிலப்பரப்பில் கால்வாசிக்கு மேல் கங்கைப் படுகை. அதில் குடியிருக்கிற கோடிக்கணக்கான ஜனங்கள் அந்த நதியில் குளிக்கலாம், அஸ்தி கரைக்கலாம், வெள்ளம் வந்தால் அதிலேயே மிதக்கலாம். எவ்வளவு ஓடுகிறது என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டே தீரவேண்டிய ஆய்வாளர், ரகசியம் காப்பேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

யாரிடமிருந்து இந்த ரகசியம்? வங்கதேசத்திடமிருந்தா? 1996-ல் அந்த நாட்டுடன் போட்ட ஒப்பந்தத்தின்படி, ஃபராக்காவில் ஜனவரி முதல் தேதியிலிருந்து மே கடைசி வரை இரு நாட்டுக் குழுவும் சேர்ந்தே தினசரி நீரோட்டத்தை அளக்கிறது. கணக்கு இரண்டு அரசுக்கும் போகிறது. டாக்காவில் இருக்கிற அதிகாரிக்குத் தெரியும். பாட்னாவில் இருக்கிற பேராசிரியருக்குத் தெரியாது.

இன்னும் கேளுங்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க நாசாவும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் சேர்ந்து ஸ்வாட் என்ற செயற்கைக்கோளை ஏவின. வேலையே பூமியின் தண்ணீரை அளப்பது. 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளின் நீர்மட்டம், அகலம், சரிவு எல்லாவற்றையும் மேலிருந்தே எடுக்கிறது. கங்கை எத்தனை 100 மீட்டர் என்று சொல்லத் தேவையில்லை. எடுத்ததை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள், உலகத்துக்கே இலவசமாக. பெய்ஜிங்கில் ஒரு மாணவன் டவுன்லோடு செய்யலாம். இஸ்லாமாபாத்தில் செய்யலாம். நம் ரகசியம் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வருகிறது, நாம் முத்திரைத்தாளில் உறுதிமொழி வாங்கிக்கொண்டிருக்கிறோம். இந்த ஏற்பாட்டில் உண்மையிலேயே இருட்டில் இருப்பது ஒரே ஒரு கூட்டம்தான். ஆற்றங்கரையில் குடியிருக்கும் கூட்டம்.

2021 ஏப்ரல் கடைசி. ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்கள் தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருந்த வாரம். நூற்றுக்கணக்கான இந்திய விஞ்ஞானிகள் பிரதமருக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார்கள். காசு கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. நாடு முழுக்க நடந்த கோவிட் பரிசோதனைகளின் விவரம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடம் குவிந்து கிடக்கிறது, பெயர்களை நீக்கிவிட்டு எங்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். அந்தத் தொகுப்பு அரசுக்கு வெளியே யாருக்கும் எட்டவில்லை, ஒருவேளை அரசுக்குள்ளேயே பலருக்கும் எட்டவில்லை என்றும் எழுதினார்கள். அந்தப் பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டில், இரண்டாம் அலையின் நடுவில். முதன்மை அறிவியல் ஆலோசகர் பக்கத்திலிருந்து உடனே ஓர் அறிக்கை வந்தது. அறிக்கை எப்போதும் உடனே வந்துவிடும்.

அதுவரை நாடு எந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது? சம்பளமில்லாத இளைஞர்கள் கூடிச் செய்த கோவிட்19இந்தியா என்ற தளத்தை. மாநில அரசுகள் மாலையில் விடும் பிடிஎஃப் அறிக்கைகளையும் ட்விட்டர் பதிவுகளையும் பார்த்து, மாவட்டம் மாவட்டமாகக் கையால் ஏற்றினார்கள். தமிழ்நாட்டு அறிக்கை நல்ல அறிக்கை. இறந்த ஒவ்வொருவரின் வயதும் கூடவே இருந்த வியாதியும் அதில் இருந்தது. ஆனால் அதுவும் பிடிஎஃப். சாவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் அந்தப் பையன்கள், பெண்கள் செய்த கணக்கைத்தான் நம்பினார்கள். 2021 அக்டோபரில் அவர்கள் கடையைக் கட்டினார்கள். களைத்துப் போயிருப்பார்கள்.

விஞ்ஞானிகளுக்கு எட்டாத பெட்டகம் பத்திரமாகவாவது இருந்ததா? 2023 அக்டோபரில் 81.5 கோடி இந்தியர்களின் பெயர், போன் நம்பர், ஆதார், பாஸ்போர்ட் விவரங்கள் இணையத்தின் கள்ளச்சந்தையில் விற்பனைக்கு வந்தன. மொத்த விலை 80,000 டாலர். போனது மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொகுப்பிலிருந்து என்று பத்திரிகைகள் எழுதின. டிசம்பரில் டெல்லி போலீஸ் நான்கு பேரைப் பிடித்தது. விஞ்ஞானிகள் பெயரை நீக்கிவிட்டுக் கேட்டார்கள். திருடனுக்குப் பெயரோடு கிடைத்தது. லெட்டர்பேடு கொண்டு வரத் தெரியாதவன். பாவம், நேர்வழி அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

‘எல்லாம் எங்களிடமே பத்திரமாக இருக்கிறது’ என்கிற பெருமைக்கு உலகம் முழுக்க உறவினர்கள் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. 3.4 கோடி கோப்புகள். 14 ஆய்வுக் குழுக்கள். அழித்தது வைரஸ் இல்லை. பேக்கப் எடுக்க வைத்திருந்த நிரல். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புது நிரலை மேலே போட்டார்கள். பாதி பழையது, பாதி புதியது என்று ஓடி, பழைய பதிவேடுகளைத் துடைக்கப் போனது ஆராய்ச்சியையே துடைத்துவிட்டது. பராமரித்த நிறுவனம், முழுக்க முழுக்க எங்கள் தப்பு என்று எழுதிக்கொடுத்தது. இப்படி ஒரு கடிதத்தை நம் அலுவலகங்களில் ஃபிரேம் போட்டு மாட்டலாம், அதிசயம் என்று.

2025 செப்டம்பர் 26. தென்கொரியாவின் டேஜான் நகரத்து அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த சேமிப்பு அப்படியே எரிந்தது. 858 டெராபைட். வெளியே ஒரு பிரதி இல்லை. ஏன்? கொள்ளளவு ரொம்பப் பெரிது, அதனால் பேக்கப் வைக்க முடியவில்லை என்றார்கள். உலகத்திலேயே மிக வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்றான கொரியாவில் இந்தப் பதில். நம்மவர்கள் அங்கே ஆலோசகராகப் போயிருப்பார்களோ என்று சந்தேகம் வருகிறது. மனிதன் முதன்முதலில் நிலவில் கால் வைத்தபோது பதிவான மூல டேப்புகளையே நாசா துடைத்து மறுபடி பயன்படுத்தியிருக்கலாம் என்று 2009-ல் ஒப்புக்கொண்டது. அன்றைக்கு டேப் பஞ்சம். இன்றைக்கு என்ன பஞ்சம்?

எரியாமலே அழிவதுதான் அதிகம். 2 முதல் 22 வருடம் வரை வயதுள்ள 516 ஆய்வுக் கட்டுரைகளின் தரவைத் தேடிப்போன ஒரு குழு 2014-ல் கணக்குச் சொன்னது. கட்டுரைக்கு ஒரு வயது கூடினால், அதன் தரவு உயிரோடிருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் சரிகிறது. ஆசிரியர் ஊர் மாறுகிறார். இமெயில் செத்துப்போகிறது. ஃபிளாப்பி பரணில் கிடக்கிறது. நான்கு ஊரில் நான்கு பிரதி வைத்திருந்தால் இது நடக்காது. நான்கு ஊரில் வைப்பதென்றால் மூன்று பேரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்க மனசு வரவேண்டும்.

அதிகாரிகளை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் விஞ்ஞானிகள் குளிர்காய்வார்கள். அவர்களுக்கும் இருக்கிறது. 2016 ஜனவரியில் உலகின் மதிப்புமிக்க மருத்துவ இதழ்களில் ஒன்றான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரு தலையங்கம் எழுதியது. பிறர் சேகரித்த தரவை எடுத்து ஆராய்கிறவர்களைச் சில முன்வரிசை ஆய்வாளர்கள் ‘ஆராய்ச்சி ஒட்டுண்ணிகள்’ என்று அழைப்பதாகச் சொன்னது. நோயாளியின் ரத்தத்தில், ஜனங்களின் வரியில் வளர்ந்தவர்கள் அடுத்தவரை ஒட்டுண்ணி என்கிறார்கள். மறு ஆண்டு சில குறும்புக்காரர்கள் ‘ஆராய்ச்சி ஒட்டுண்ணி விருது’ என்றே ஒன்றை ஆரம்பித்து, பிறர் தரவில் நல்ல ஆய்வு செய்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தைரியம் இங்கே வர நாளாகும். இங்கே வழக்கம் வேறு. “டேட்டா தர்றேன் தம்பி. பேப்பர்ல என் பேரையும் போட்டுடு.” பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த ஒரே தொகுப்பிலிருந்து பேப்பர் கறக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். மாணவர் அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்ததே இல்லை. வணங்கியிருக்கிறார்.

நோயாளியின் விவரத்தையும் மரபணுவையும் தெருவில் போட யாரும் கேட்கவில்லை. பூட்ட வேண்டியதைப் பூட்டத்தான் வேண்டும். கூட்டுச் சேமிப்பில் அதற்கும் வழி இருக்கிறது: தரவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கேள்வியை உள்ளே அனுப்பு, விடையை மட்டும் வெளியே எடு. யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று பதிவு நிற்கும். தரவைத் தராமலே பகிரலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தராமல் இருப்பதில் கரைகண்ட நம் அலுவலகங்கள் இதையாவது பாய்ந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டாமா? பகிர்தல் என்ற சொல்லைக் கேட்டதுமே காது அடைத்துவிடுகிறது போல.

அடுத்த ரிப்பனுக்குக் கத்திரிக்கோல் தயாராகிறது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எஸ்கேஏ என்ற மகா ரேடியோ தொலைநோக்கி எழுந்துகொண்டிருக்கிறது. இந்தியா 1,250 கோடி ரூபாய் ஒதுக்கிச் சேர்ந்திருக்கிறது. முழுதாக ஓடத் தொடங்கினால் ஆண்டுக்குச் சுமார் 700 பெட்டாபைட் வரும் என்கிறார்கள். பல நாடுகளில் மண்டல மையங்கள்; எல்லாவற்றையும் இணைக்கும் ஒரே வலை; பட்டியலுக்கு அதே ரூசியோ. நமக்கும் ஒரு மையம் உண்டு. பிரபஞ்சத்தின் ஆதிகாலத்து ஹைட்ரஜன் விட்ட மெல்லிய ரேடியோ முனகல் இந்தியாவுக்கு வந்து இறங்கும். விதிப்படி, தேதிப்படி, தகுதியுள்ள மாணவருக்குக் கிடைக்கும். அந்த ஹைட்ரஜன் எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்று இன்னும் யாரும் சுற்றறிக்கை விடவில்லை. விடுவதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள்.